முதலில் அவளிடம் சொன்ன பெயர்

கோகுலனை அந்த ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது துளசிதான். அவன் தானாக வரவில்லை. இதை அவள் பிற்பாடு பல தடவை தனக்குத்தானே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவள் சூப்பர்வைசர். கூட வேலை செய்யும் ஷஹீதாதான் மதியச் சாப்பாட்டின்போது கைப்பேசியில் அந்த விளம்பரத்தைக் காட்டினாள். பல்கலைக்கழகத்து உளவியல் துறை கல்யாணமான தம்பதிகளைத் தேடுகிறது. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

"எங்க ஆளைக் கூட்டிட்டுப் போனா ஆராய்ச்சி பண்றவங்க ஓடிப்போயிடுவாங்க, அவ்வளவு பேச்சு" என்று சிரித்தாள் ஷஹீதா. "உங்க வீட்டுக்காரருக்குத்தான் இது சரிலா."

துளசி சிரிக்கவில்லை. விளம்பரத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னாள்.

கோகுலன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஜார்ஜ் டவுனிலும் ஆயர் ஈத்தாமிலும் உள்ள அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். குளிப்பான், சாப்பிடுவான், பாத்திரத்தைக் கழுவி வைப்பான். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. துளசி என்ன சொன்னாலும் "ம்" என்பான். கொஞ்சம் பெரிய விஷயமாக இருந்தால் "பாக்கலாம்" என்பான். இதைச் சொல்லி அம்மாவிடம் அழ முடியாது. "பேசாத புருசன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்" என்பாள் அம்மா.

அந்தப் பிள்ளை விஷயத்திலும் அவன் அப்படித்தான் இருந்தான். ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோன பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான். வெள்ளைத் துணிச் சுருளைத் தன் அண்ணனோடு போய் வாங்கிக்கொண்டான். எல்லாம் முடித்துவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "பசியாறிட்டியா?" என்று கேட்டான். அதன் பிறகு அந்தப் பேச்சே அவன் வாயில் வரவில்லை. துளசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் பல மாதங்கள் அழுதாள். அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிடுவான். அவ்வளவுதான். அவனுக்கு வலிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். அந்த முடிவோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாள்.

அதனால்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் ஓர் ஆசை. முன்னால் ஒரு படித்த ஆள் உட்கார்ந்து கேட்டால், பக்கத்தில் பெண்டாட்டியும் இருந்தால், "பாக்கலாம்" என்று எழுந்து போக முடியாதல்லவா?

"ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்ங்க" என்றாள்.

"நான் என்னத்தைப் பேசுறது?"

"அவங்க கேப்பாங்க. நீங்க பதில் சொல்லணும்."

கோகுலன் கேட்டான்: "உனக்குப் போகணும்னு இருக்கா?"

"இருக்கு."

"சரி" என்றான்.

அவர்கள் குடியிருந்தது கெலுகோரில். பல்கலைக்கழகத்துக்குக் காடி ஓட்டிப் போனால் கொஞ்ச தூரம்தான். துளசி நல்ல பச்சைச் சுடிதார் போட்டிருந்தாள். கோகுலன் தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனைப் போல முகத்தை வைத்திருந்தான்.

டாக்டர் சுபாஷினி என்ற விரிவுரையாளர் வரவேற்றார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், மெல்லிய குரல். சில விவரங்களைக் கடைசியில்தான் சொல்ல முடியும் என்றும், பேசுவது படம் பிடிக்கப்படும், மற்றவர்களும் பார்க்கக்கூடும் என்றும், பிடிக்காவிட்டால் எந்த நேரமும் எழுந்து போகலாம் என்றும் விளக்கினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு, "ஐயா இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்" என்றார்.

"சேந்து இல்லையா?" என்று கேட்டாள் துளசி.

"இன்னிக்குத் தனித்தனியா."

அவளுடைய ஆசை அங்கேயே பாதி செத்தது.

அவளை உட்காரவைத்த அறையில் ஒரு திரையும் மேசை மேல் ஒரு குமிழும் இருந்தன. திரையில் கோகுலன் தெரிந்தான். காலி நாற்காலிக்கு எதிரே கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்க கணவர் இன்னொருத்தரோட பேசப் போறாரு. முன்னப் பின்ன பழக்கமில்லாதவங்க" என்றார் டாக்டர் சுபாஷினி. "நீங்க பாத்துக்கிட்டே இருங்க. மனசுக்கு நல்லா இருந்தா குமிழை வலது பக்கம் திருப்புங்க. கஷ்டமா இருந்தா இடது பக்கம். யோசிக்க வேண்டாம், தோணுறபடி திருப்பினா போதும்."

"நான் பாக்குறது அவருக்குத் தெரியுமா?"

"இப்போ தெரியாது. முடிஞ்சதும் நாங்களே சொல்லிடுவோம். உங்களுக்கு வேண்டாம்னு பட்டா இப்பவே நிறுத்திடலாம்."

துளசிக்கு எழுந்திருக்கத் தோன்றியது. ஆனால் அதற்குள் திரையில் கதவு திறந்து ஒரு பெண் வந்தாள். துளசி எழுந்திருக்கவில்லை.

இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். இளநீலத் தூடோங்கைத் தலையில் அழகாகச் சுற்றியிருந்தாள். கன்னத்தில் குழி. "அஸ்ஸலாமு... ஐயோ, வணக்கம்ண்ணே! பழக்கதோஷம்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "நான் லைலா. உங்களைப் போலத்தான், விளம்பரம் பாத்து வந்தேன். இந்தக் கார்டுல கேள்வி இருக்காம். மாத்தி மாத்திப் பதில் சொல்லணுமாம்."

கோகுலன் எழுந்து அவளுக்கு நாற்காலியைச் சரியாகத் தள்ளிப் போட்டான். துளசி திரையைப் பார்த்தாள். எனக்கு ஒரு நாள் நாற்காலி போட்டிருப்பாரா இந்த மனுசன்? குமிழ் கொஞ்சம் இடது பக்கம் போனது.

முதல் கேள்விகள் சாதாரணமானவை. பிடித்த சாப்பாடு, விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள், இப்படி. லைலா தன் பதிலைச் சொல்லிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள். கோகுலன் ஒரு வார்த்தை சொன்னால், "அப்புறம்?" என்பாள். சத்தமே இல்லாமல், ஏதோ ரகசியம் கேட்பதைப் போன்ற "அப்புறம்?". கோகுலன் இன்னொரு வார்த்தை சொல்வான்.

"உங்க வேலையில மறக்க முடியாத சம்பவம்?" என்று படித்தாள் லைலா.

அவன் உதட்டோரம் துடித்தது. "ஒரு சீன அங்கிள். பாசார்ல உயிர் நண்டு வாங்கிட்டு வந்திருக்காரு. லிஃப்ட் பாதியில நின்னுருச்சு. பை கிழிஞ்சு நண்டெல்லாம் கீழே. நான் கதவைத் தொறக்குறேன், மனுசன் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு காலையும் தூக்கிட்டுத் தொங்குறாரு. இறங்குங்க அங்கிள்னு கை குடுத்தா, 'என்னை விடு தம்பி, முதல்ல நண்டைப் புடி'ங்குறாரு!"

லைலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோகுலனும் சிரித்தான். தலை பின்னால் போக, கடைவாய்ப் பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான்.

துளசி இந்த நண்டுக் கதையைக் கேட்டதில்லை. இப்படி ஒரு நாள் நடந்ததே அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்றுதான் சொல்லியிருப்பான். அவன் சிரிப்பில் இப்படித் தோள் குலுங்கும் என்பதைக்கூட அவள் மறந்துவிட்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்தது. வேறு யாரிடமோ கொடுத்துவைத்த தன் நகை ஒன்றை இன்னொருத்தி போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் போல இருந்தது.

லைலா அடுத்த கார்டை எடுத்தாள். அவள் குரல் தணிந்தது. "யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு. சொல்ல விருப்பம் இருந்தா."

சொல்ல மாட்டான் என்று நினைத்தாள் துளசி. "பாக்கலாம்" என்பான் பார்.

கோகுலன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைலா அவசரப்படுத்தவில்லை.

"எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள" என்றான். "பொறக்கும்போதே இல்ல."

"அப்புறம்?"

"நான் தூக்கினேன். ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க. முகத்தைப் பாத்தேன். என் பொண்டாட்டி மூக்கு. அப்படியே." அவன் தொண்டையைச் செருமினான். "லிஃப்ட் வேலையில நாங்க பெட்டி மேல ஏறி நிப்போம். லிஃப்ட் ஓடுற குழிக்குள்ள ஒரே இருட்டா இருக்கும். யாரும் இருக்க மாட்டாங்க. அங்க நிக்கும்போது அந்தப் புள்ளகூடப் பேசுவேன். இன்னிக்கு என்ன பண்ணினேன், என்ன சாப்பிட்டேன். பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன்."

"பேரு வச்சீங்களா?"

"நானா வச்சது. யாருக்கும் தெரியாது."

லைலாவின் கண்கள் நிறைந்திருந்தன. "எனக்குச் சொல்லுவீங்களாண்ணே?"

கோகுலன் ஒரு தடவை கேமராவைப் பார்த்தான். பிறகு முன்னால் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

துளசி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். திரையில் ஏர்கோன் இரைச்சல்தான் கேட்டது. லைலாவின் உதடுகள் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. "ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றாள்.

குமிழ் இடது கோடியில் முட்டிக்கொண்டு நின்றது. இனிமேல் திரும்பாது என்று தெரிந்தும் துளசி அதைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து டாக்டர் சுபாஷினி சொன்னார். கணவனோ மனைவியோ அறிமுகமில்லாத ஒருவரிடம் நெருக்கமாகப் பேசுவதைப் பார்க்கும்போது மற்றவருக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. லைலா விளம்பரம் பார்த்து வந்தவள் அல்ல, இங்கேயே முதுகலை படிக்கும் உதவியாளர். எப்படிக் கேட்க வேண்டும் என்று பயிற்சி எடுத்தவள். துளசி பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரில் யார் சொன்னாலும் பதிவை அழித்துவிடுவார்களாம்.

கோகுலன் முகம் போன போக்கைத் துளசி பார்த்தாள். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதைப் போல. அவன் லைலாவைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை.

"அழிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க" என்று லைலா கையைப் பிடிக்க வந்தாள். துளசி கைப்பையைத் தோளில் மாட்டும் சாக்கில் கையை எடுத்துக்கொண்டாள்.

காடியில் ஏறியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ஆமா."

"பேரையும்?"

அங்கேதான் துளசி பொய் சொன்னாள். "ம்" என்றாள். காதில் விழவில்லை என்றால் அவள் அவனிடம் கேட்க வேண்டியிருக்கும். அவன் சொல்வான், அவள் இரண்டாவதாகத் தெரிந்துகொள்வாள். தன் வயிற்றில் இருந்த பிள்ளையின் பெயரை ஒரு கன்னக்குழிக்காரிக்குப் பின்னால் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

கோகுலன் அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது போலத் தெரிந்தது. அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். அவன் வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் இருந்த இருப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. மீன் பொரிக்கும்போது லைலா. துணி மடிக்கும்போது லைலா. ஃபேக்டரியில் உற்பத்தி லைன் நின்றுபோய் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோதுகூட, அந்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்ததுதான் கண் முன்னால் வந்தது. எத்தனை எழுத்து இருக்கும்? உதடு முதலில் மூடித் திறந்தது, கடைசியில் மறுபடி மூடியது. ப-வா, ம-வா? ஒருநாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அப்புறம்?" என்று சொல்லிப் பார்த்தாள். கழுத்து சுளுக்கியவளைப் போல இருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அதையே முயன்றாள்.

"வேலை எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

கோகுலன் நிமிர்ந்து பார்த்தான். "உடம்பு சரியில்லையா?"

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கைப்பேசியில் லைலாவைத் தேடிக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நிச்சயதார்த்தம் முடிந்தவள், மாப்பிள்ளை கெடாவில் எஞ்சினியர். பூனை வளர்க்கிறாள். சூலியா தெருவில் அவள் அப்பா ஹனீபா நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், விடுமுறை நாளில் கல்லாவில் உட்காருகிறாள். வேறொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று தெரிந்ததும் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவள் தன் புருசனைக் கொண்டுபோய்விடுவாள் என்று துளசி ஒரு நொடியும் பயந்ததில்லை. கொண்டுபோக வேண்டியதை அவள் ஏற்கனவே கொண்டுபோய்விட்டாளே.

ஒருநாள் துளசி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது கோகுலன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். வேலைப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"துளசி, அந்தப் பேரு உனக்குப் புடிக்கலியா?"

கத்தி நின்றது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வாய் வேறு சொன்னது. "நான் புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன? அவதான் சொல்லிட்டாளே, ரொம்ப அழகா இருக்குன்னு."

அவன் பையோடு பால்கனிக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் சாப்பிடவில்லை. பசி இல்லை என்றான்.

இனியும் தாங்காது என்று அடுத்து வந்த பொது விடுமுறையில் துளசி சூலியா தெருவுக்குப் போனாள். கோகுலனுக்கு அன்றும் வேலை இருந்தது. பணம் மாற்றும் கடைகளைத் தாண்டி, வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு நடுவில் புகுந்து, ஹனீபா கடையைக் கண்டுபிடித்து ஒரு ஓரமாக உட்கார்ந்து குடிக்கத் தே தாரிக் தேநீர் சொன்னாள். கல்லாவில் லைலாதான். இன்று தூடோங் மஞ்சள். வாடிக்கையாளர்களிடம் பேசும்போதும் அதே தலைச் சாய்ப்பு.

கூட்டம் குறைந்ததும் துளசி எழுந்து போனாள்.

"எவ்வளவுக்கா?" என்று தன் வழக்கப்படி ஆரம்பித்த லைலா, கணக்குப் போடும் ஊழியரிடம் கேட்க வேண்டியதை இவளிடம் கேட்டுவிட்டதை உணர்ந்து சிரித்தாள். துளசியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் லிஃப்ட்காரரோட பொண்டாட்டி. பல்கலைக்கழகத்துல பாத்தோம்."

லைலாவின் சிரிப்பு போய்விட்டது. கல்லாவுக்கு வேறொருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, துளசியைப் பின்பக்க மேசைக்கு அழைத்துப் போனாள். "அக்கா, கோவமா வந்திருக்கீங்களா? டாக்டர்கிட்ட பேசணும்னா நான் நம்பர் தர்றேன்."

"சண்டைக்கு வரல" என்றாள் துளசி. "ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்க வீட்டுக்காரரு உங்க காதுல ஒரு பேரு சொன்னாரு. எங்க புள்ள பேரு. எனக்குக் கேக்கல. அது என்ன பேரு?"

இதைச் சொல்வதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. இந்தப் பெண்ணிடம் வந்து கை நீட்டி நிற்கிறோமே என்று உடம்பு கூசியது.

லைலா மேசை மேலிருந்த சர்க்கரைத் துணுக்குகளை விரலால் ஒதுக்கினாள்.

"சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

"அதுவும்தான். பதிவையும் அன்னிக்கே அழிச்சுட்டோம். ஆனா அதில்லக்கா." அவள் நிமிர்ந்தாள். "எனக்கு ஞாபகம் இல்ல."

"என்ன?"

"மறந்துட்டேன்க்கா. சத்தியமா. அந்த வாரம் நிறையப் பேர் வந்தாங்க. ஒருத்தருக்கு அம்மா செத்தது, ஒருத்தருக்குப் பழைய காதல், ஒருத்தர் ஜெயிலுக்குப் போனது. எல்லாத்தையும் மனசுல வச்சிருந்தா நான் சாப்பிட முடியாது, தூங்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் விட்டுடுவேன். உங்க அவரு சொன்னப்ப நான் அழுதேன்ல, அது நிஜம். நடிக்கல. ஆனா பேரு நிக்கல. நீங்க வந்து நின்னப்பகூட எனக்கு முதல்ல எந்த அண்ணன்னு தெரியல."

துளசிக்கு முதலில் வந்தது சந்தோஷம். குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்ததைப் போல ஒரு குளிர்ச்சி. இவளிடம் இல்லை. இவள் கொண்டுபோகவில்லை. ஆனால் அது இரண்டு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கோகுலன் குனிந்த அந்தக் குனிவு ஞாபகத்துக்கு வந்தது. இருட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை, முதல் தடவையாக ஒருத்தியை நம்பி வெளியே எடுத்துக் கொடுத்தான். அதை இவள் மேசையைத் துடைப்பதைப் போலத் துடைத்துவிட்டாள்.

"அழகா இருக்குன்னு சொன்னீங்களே" என்றாள் துளசி. "அதைக் கேட்டு அவரு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு, தெரியுமா உங்களுக்கு?"

"அக்கா..."

"அவரு யாருகிட்டயும் பேசுற ஆளில்ல. என்கிட்டகூட."

லைலாவின் கண்களில் மறுபடியும் தண்ணீர் வந்தது. அன்று அந்தக் கண்ணீரைப் பார்த்துத் துளசிக்கு எரிந்தது. இன்று அதைப் பார்க்கவே பொறுமை இல்லை. தே தாரிக்குக்குக் காசை வைத்தாள். லைலா வேண்டாம் என்று தள்ளினாள். துளசி அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து கோகுலனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆயர் ஈத்தாம். என்னாச்சு?"

"நான் வர்றேன். அங்கேயே இருங்க."

வாடகைக் காடி பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். பழைய அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் ஒரு லிஃப்ட் கதவு திறந்திருக்க, முன்னால் மஞ்சள் தடுப்பு வைத்திருந்தார்கள். கை முழுக்கக் கிரீஸுடன் கோகுலன் ஓடி வந்தான். "அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. கையைத் துடைங்க."

பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துளசி சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு எனக்குப் பேரு கேக்கல. கேட்டேன்னு பொய் சொன்னேன்."

கோகுலன் துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினான். "கேக்கலியா?"

"இல்ல."

அவனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது வந்தது. "இத்தனை நாளா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? பேரைக் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லல, கல்லாட்டம் இருக்கா, இவளுக்கு அந்தப் புள்ளையைப் பத்திப் பேசவே பிடிக்கலன்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க அதே நெனப்பு. நீ பாட்டுக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு..."

"நீங்க ஏன் அவகிட்ட சொன்னீங்க?" துளசியும் குரலை உயர்த்தினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். "நான் எத்தனை மாசம் சுவத்தைப் பாத்து அழுதேன். அப்ப சொல்லியிருக்கலாம்ல? என் மூக்கு மாதிரி இருந்துச்சுன்னு அவளுக்குத்தான் சொல்லணுமா? எனக்கு ஆஸ்பத்திரியில முகத்தைக்கூடச் சரியாக் காட்டல!"

கோகுலன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். அவள் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. சும்மா இருந்தாள்.

"அவ யாரோ" என்றான் கடைசியில். "அவ அழுதா நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். நீ அழுதா என்னால முடியாது துளசி. சொன்னா நீ இன்னும் அழுவ. அதான் சொல்லல. அப்புறம் நீ அழுறதை நிறுத்திட்ட. நிறுத்தினவளை மறுபடியும் கிளறுவானேன்னு விட்டுட்டேன்."

துளசி முந்தானை இல்லாத சுடிதாரில் எதைக் கொண்டு முகத்தைத் துடைப்பது என்று தெரியாமல் புறங்கையால் துடைத்தாள். கோகுலன் கிரீஸ் துணியை நீட்டினான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"அவகிட்ட போய்க் கேட்டேன்" என்றாள் துளசி. "சூலியா தெருவுல அவங்க அப்பா கடையில."

"லைலாகிட்டயா? என்ன சொன்னா?"

"மறந்துட்டாளாம்."

கோகுலன் முகத்தில் ஒரு நிழல் விழுந்து மறைந்ததை அவள் பார்த்துவிட்டாள். உடனே உள்ளே பழைய எரிச்சல் தலை தூக்கியது. "அவ மறந்தா உங்களுக்கு ஏன் முகம் வாடுது?"

"வாடல."

"வாடுது."

"அழகா இருக்குன்னு சொன்னாளேன்னு பாத்தேன்" என்றான் கோகுலன். "பொய்யாவா சொன்னா?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் துளசிக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பெண்ணை இன்னொரு தடவை திட்ட வேண்டும் போலவும் வந்தது. "பொய் இல்ல. அந்த நேரத்துக்கு நெசமாத்தான் சொல்லியிருப்பா. விடுங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க."

கோகுலன் சுற்றிலும் பார்த்தான். குனியவில்லை, வாயை மறைக்கவில்லை.

"மரகதம்" என்றான்.

துளசி அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வேறு ஏதோ வந்தது.

"மரகதமா?"

"ம்."

"என்னங்க இது, பழைய காலத்துப் பேரா இருக்கு!"

"ஏன், வாய் நிறையக் கூப்பிடலாம்."

"ஸ்கூல்ல டீச்சர் பேரு கூப்பிட்டா எல்லாப் புள்ளைங்களும் சிரிக்கும். மத்த புள்ளைங்க பேரெல்லாம் ஸ்டைலா இருக்கும். நம்ம புள்ள மட்டும் மரகதம்."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றான் கோகுலன் பிடிவாதமாக. "அவ அதுக்கெல்லாம் அழுவுற ஆளில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணை, இருட்டுக்குள் தினமும் அவன் பேசி வளர்த்த அந்தப் பெண்ணை, துளசிக்குத் தெரியாது. அந்த நினைப்பு குத்தியது. லைலாவைப் பார்த்தபோது குத்தியதைவிட ஆழமாகவே குத்தியது. ஆனால் இதற்கு யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

"இன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல. காலையில இருந்து மோட்டார் ரூம்ல வேலை."

தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பெண்மணி பொறுமை இழந்து, "அண்ணே, லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று குரல் கொடுத்தாள்.

"இதோ, கொஞ்சம் இருங்கக்கா" என்று கோகுலன் எழுந்தான். கருவிப் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவன், திரும்பி அவளைப் பார்த்தான். "நீ வீட்டுக்குப் போறியா?"

"இல்ல. இருக்கேன். முடிச்சிட்டு வாங்க, சேந்து போகலாம்." பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னாள்: "நான் மரகதம்னு கூப்பிட மாட்டேன். மகின்னுதான் கூப்பிடுவேன்."

"மரகதத்துல மகி எங்க இருக்கு? பேரை மாத்தாத."

"மாத்துவேன்" என்றாள் துளசி.